ஆர்தர் ஆஷ் யார்? பூங்கா ஊழியரின் மகன் டென்னிஸ் வீரர்களின் தலைவரானது எப்படி?

மணலி புதுநகரிலோ திருவொற்றியூரிலோ ஒரு பையன் சாயங்காலம் விளையாடக் கிளம்பினால் ஃபுட்பால் இருக்கும், கேரம் இருக்கும், பாக்சிங்கூட இருக்கும். டென்னிஸ்? அது நுங்கம்பாக்கம் பக்கத்துச் சமாச்சாரம். யார் எந்த விளையாட்டை ஆடலாம் என்பதை ஊரும் காசும் சேர்ந்து முடிவு பண்ணுவது நம்மிடம் இருப்பதுதான். ஆனால் 1940-களின் அமெரிக்காவில், ரிச்மண்ட் நகரத்தில், அது சட்டமாகவே இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் யுஎஸ் ஓபன் ஃபைனல் நடக்கும் நியூயார்க் ஸ்டேடியத்தின் பெயர் ஆர்தர் ஆஷ் ஸ்டேடியம். உலகத்திலேயே பெரிய டென்னிஸ் ஸ்டேடியம் அது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், சின்ன வயதில் சொந்த ஊரின் நல்ல டென்னிஸ் கோர்ட்டுக்குள் கால் வைக்கவே அனுமதி இல்லாதவர்.

வீட்டு வாசலில் கோர்ட்

ஆஷ் பிறந்தது 1943 ஜூலை 10. அப்பா, கறுப்பினத்தவருக்கு என ஒதுக்கப்பட்ட புரூக் ஃபீல்டு என்ற பூங்காவைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். குடும்பம் பூங்காவுக்குள்ளேயே குடியிருந்தது. வீட்டை ஒட்டி டென்னிஸ் கோர்ட். ஆறு வயதில் அம்மா இறந்துபோக, அந்த ஒல்லிப் பையனுக்கு மட்டையும் புத்தகமும்தான் துணை.

அங்கே விளையாட வந்த ரொனால்டு சேரிட்டி என்ற இளைஞர் முதலில் சொல்லிக் கொடுத்தார். பிறகு லிஞ்ச்பர்க்கில் இருந்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சனிடம் அனுப்பி வைத்தார். 1957-ல் விம்பிள்டன் வென்ற முதல் கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சனைத் தயார் செய்தவர் இந்த ஜான்சன்தான். அவர் வீட்டுப் பின்புறக் கோர்ட்டில் ஒரு வினோதமான விதி உண்டு. எதிராளி அடித்த பந்து கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்தாலும், உள்ளே விழுந்ததாக நினைத்துத் திருப்பி அடிக்கணும். அம்பயரோடு வாதாடவே கூடாது. வெள்ளையர்கள் நடத்தும் போட்டியில் ஒரு கறுப்பினப் பையன் கோபப்பட்டால், அடுத்த முறை யாருக்குமே கதவு திறக்காது என்பது அவர் கணக்கு. ஆஷின் புகழ்பெற்ற அமைதிக்கு இதுதான் பிறப்பிடம். குணம் என்று பலர் எழுதினார்கள். பாதி அது பயிற்சி.

ஜெயித்தும் கிடைக்காத 14,000 டாலர்

1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியில் இடம்பிடித்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். அப்புறம் ராணுவத்தில் லெப்டினன்ட். 1968-ல் முதல் யுஎஸ் ஓபன் நடந்தது. அதுவரை பெரிய போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். அந்த வருஷம்தான் தொழில்முறை வீரர்களுக்கும் கதவு திறந்தது. ஃபைனலில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரை ஐந்து செட்களில் ஆஷ் வீழ்த்தினார். ஆனால் அவர் அமெச்சூர். அதனால் பரிசுத் தொகை 14,000 டாலர் தோற்ற ஓக்கருக்குப் போனது. சாம்பியனுக்குக் கிடைத்தது தினப்படி, ஒரு நாளுக்கு 20 டாலர். கேட்டால் ஜோக் மாதிரி இருக்கும். ஆனால் அன்றைய டென்னிஸில் பணமும் அதிகாரமும் யார் கையில் இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1970-ல் ஆஸ்திரேலிய ஓபன் வந்தது. ஆனால் அதற்குள் அவர் கவனம் கோர்ட்டுக்கு வெளியேயும் போக ஆரம்பித்துவிட்டது.

வீரர்களுக்கு ஒரு சங்கம்

1972-ல் யுஎஸ் ஓபன் சமயத்தில் வீரர்கள் கூடி ஏடிபி அமைப்பைத் தொடங்கினார்கள். ஆரம்பித்தவர்களில் ஆஷும் ஒருவர். அடுத்த வருஷமே பெரிய சோதனை. யுகோஸ்லாவியாவின் நிகோலா பிலிச், டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆட மறுத்ததாகச் சொல்லி அவரைத் தடை செய்தார்கள். விம்பிள்டனும் அவரைச் சேர்க்கவில்லை. ஒருவரைத் தனியாக விட்டால் நாளை எல்லோருக்கும் இதே கதிதான் என்று ஏடிபி முடிவெடுக்க, முந்தைய சாம்பியன் ஸ்டான் ஸ்மித் உட்பட 81 பேர் விம்பிள்டனை விட்டு விலகினார்கள். அந்த முடிவுக்கு ஆதரவாக நின்றவர் ஆஷ்.

நமக்கு அந்த 1973 விம்பிள்டன் வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். சென்னையின் விஜய் அமிர்தராஜ் காலிறுதி வரை போய், சாம்பியன் ஆன யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் தோற்றது அதே போட்டியில்தான்.

1974-ல் ஆஷ் ஏடிபி தலைவரானார். ஆடிக்கொண்டே நிர்வாகமும் பார்ப்பது லேசான வேலை இல்லை. ஏடிபியை எதிர்த்து வழக்குப் போட்ட ஜிம்மி கானர்ஸ், 1975 விம்பிள்டன் நேரத்தில் ஆஷ் மீதே அவதூறு வழக்கு தொடர்ந்தார். இருவரும் ஃபைனலில் சந்தித்தார்கள். கானர்ஸுக்கு 22 வயது, ஆஷுக்கு 31. ஆஷ் ஜெயிப்பார் என்று கிட்டத்தட்ட யாரும் நினைக்கவில்லை. டேவிஸ் கோப்பை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்த ஆஷ், வேகமாக அடிப்பதை நிறுத்திவிட்டு மெதுவான, தாழ்வான பந்துகளாகக் கொடுத்தார். வேகத்தைத் திருப்பி அடித்தே பழகிய கானர்ஸ் திணறினார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆண். வழக்கும் பிறகு வாபஸ் ஆனது.

போவதா, புறக்கணிப்பதா?

ஆஷ் வாழ்க்கையில் இன்றைக்கும் விவாதிக்க வேண்டிய பகுதி தென்னாப்பிரிக்காதான். நிறவெறி அரசு அவருக்கு விசா கொடுக்கவே மறுத்துவந்தது. 1973-ல் கொடுத்தபோது, பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். ஜோகன்னஸ்பர்க் போய் ஒற்றையர் ஃபைனலில் கானர்ஸிடம் தோற்றார். ஓக்கரோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். ஒரு கறுப்பின மனிதன் சுதந்திரமாக ஜெயிப்பதை அங்குள்ள பிள்ளைகள் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் நீ வந்ததே அந்த அரசுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் என்று அங்குள்ள கறுப்பினத்தவர் சிலரே அவரிடம் கோபப்பட்டார்கள்.

அடுத்த வருஷம், 1974-ல், இந்தியாவுக்கு அதே கேள்வி வந்தது. டேவிஸ் கோப்பை ஃபைனல். எதிரணி தென்னாப்பிரிக்கா. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் உச்சத்தில் இருந்த நேரம். கோப்பை கைக்கெட்டும் தூரம். இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா இதுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை.

யார் செய்தது சரி? ஆஷே பிற்பாடு புறக்கணிப்புதான் வழி என்ற முடிவுக்கு வந்தார் என்பதைக் கவனிக்கணும். 1983-ல் ஹாரி பெலஃபான்டேயோடு சேர்ந்து நிறவெறிக்கு எதிரான கலைஞர்கள், வீரர்கள் அமைப்பைத் தொடங்கினார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன்பு போராடிக் கைதானார். எதிராளியின் பந்தையும் உள்ளே என்று ஏற்றுக்கொண்டு வளர்ந்த மனிதர் அந்த இடத்துக்கு வர ரொம்ப வருஷம் ஆனது.

இதயமும் ரத்தமும்

1979-ல் 36 வயதில் மாரடைப்பு, பிறகு பைபாஸ். 1980-ல் ஓய்வு. 1981 முதல் 1985 வரை அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியின் ஆடாத கேப்டன். முதல் இரண்டு வருஷமும் கோப்பை. ஜான் மெக்கன்ரோவின் கோபத்தைச் சமாளிப்பதுதான் கோப்பையைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

1977-ல் அவர் மணந்தது புகைப்படக் கலைஞர் ஜீன் மூட்டுசாமியை. பெயரைக் கவனித்தீர்களா? நம்ம முத்துசாமிதான், பிரெஞ்சு எழுத்தில். ஜீனின் அப்பா வழிக் குடும்பம் கரீபியனின் குவாதலூப் தீவிலிருந்து வந்தது. 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட கரும்புத் தீவு அது.

1983-ல் இரண்டாவது இதய அறுவை சிகிச்சை. அப்போது ஏற்றிய ரத்தத்தில் எச்ஐவி இருந்தது. ரத்தத்தைப் பரிசோதிக்கும் முறை அமெரிக்காவில் வந்ததே 1985-ல்தான். 1988-ல்தான் விஷயம் தெரிந்தது. சின்ன மகள் கேமராவுக்காகவும் குடும்பத்துக்காகவும் ரகசியமாக வைத்திருந்தார். ஒரு நாளிதழ் விசாரிக்க ஆரம்பித்ததும், வேறு வழியின்றி 1992 ஏப்ரலில் தானே உலகத்திடம் சொன்னார். அவருடைய நோயை அறிய நமக்கு உரிமை இருந்ததா என்பது பத்திரிகைத் துறையில் இன்னமும் தீராத சண்டை. அந்த நோய்க்கு அன்றிருந்த அவமானம் நமக்கும் தெரிந்ததுதான். இந்தியாவின் முதல் எச்ஐவி பாதிப்புகளை 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்தது சென்னையில்.

மீதியிருந்த பத்து மாதத்தை ஆஷ் வீணாக்கவில்லை. எய்ட்ஸுக்கு எதிராக அறக்கட்டளை தொடங்கினார். ஹெய்ட்டி அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் போராடி மறுபடி கைதானார். 1993 பிப்ரவரி 6-ல், 49 வயதில் இறந்தார். அதற்கு முன்பே, 1989-ல், ஏடிபி வீரர்கள் கவுன்சிலின் தலைவர் பொறுப்பு விஜய் அமிர்தராஜிடம் வந்திருந்தது.

ரிச்மண்டில் அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்ற மான்யுமென்ட் அவென்யூவில், 1996-ல் ஆஷுக்கும் சிலை வைத்தார்கள். அப்போது அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. 2020, 2021-ல் தளபதிகளின் சிலைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. கையில் மட்டையும் புத்தகமுமாக, சுற்றிலும் பிள்ளைகளோடு இருக்கும் ஆஷ் மட்டும் அங்கேயே நிற்கிறார்.