பனித்துகளைப் படம்பிடித்தவர்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் குளிர்காலம் நீண்டது, கடுமையானது. அங்குள்ள ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் வில்சன் பென்ட்லி பிறந்தார். பனி பொழியும் நாள்களே அவருக்கு மிகவும் பிடித்தவை.

பென்ட்லிக்கு 15 வயதானபோது, தாயார் அவருக்குப் பழைய நுண்ணோக்கி ஒன்றைக் கொடுத்தார். அதன்வழி பனித்துகளைக் கண்ட சிறுவர் வியந்துபோனார். சின்னஞ்சிறு துகளுக்குள் அறுகோணக் கோலம் ஒன்று ஒளிந்திருந்தது! அதை வரைய முயன்றார். ஆனால், வரைந்து முடிப்பதற்குள் அது உருகிவிட்டது. அந்த அழகு யாரும் காணாமலேயே அழிகிறதே என்று அவர் வருந்தினார்.

பின்னர், பெற்றோர் வாங்கித் தந்த புகைப்படக் கருவியை அவர் நுண்ணோக்கியுடன் இணைத்தார். மூச்சுக்காற்று பட்டாலே துகள் உருகிவிடும். எனவே, குளிர்ந்த கொட்டகையில் மூச்சை அடக்கிக்கொண்டு பணி செய்தார். பலமுறை தோல்வியடைந்த பின், 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் வெற்றி கிட்டியது.

ஊரார் சிலர் அதை வீண்வேலை என்றனர். பென்ட்லி மனம் தளரவில்லை. உழவுத்தொழிலைச் செய்துகொண்டே 5,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றைக் குறைந்த விலைக்கே பிறருக்கு வழங்கினார்; செல்வம் சேர்க்கவில்லை. 1931ஆம் ஆண்டு அவருடைய படங்கள் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

நொடியில் மறையும் அழகையும் இயற்கையின் கொடையாகப் போற்றியவர் பென்ட்லி. அவர் காத்துத் தந்த பனித்துகள்கள் இன்றும் உருகாமல் இருக்கின்றன.