12 எம்.எல்.ஏ.க்களை வைத்து முதல்வரையே இறக்கிய குமரிக்காரர்... யார் இந்த மார்ஷல் நேசமணி?

நவம்பர் 1 வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை. 1956-ல் அதே நாளில்தான் இந்த மண் கேரளாவோடு போகாமல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆள், நேசமணி.

1895 ஜூன் 12, விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு நாகர்கோவில் கோர்ட்டுக்கு வந்தார். அங்கே ஒடுக்கப்பட்ட சாதி வக்கீல்களுக்குத் தனி முக்காலி, தனி தண்ணீர்ப்பானை. வந்த வேகத்தில் முக்காலியை எட்டி உதைத்து, பானையையும் உடைத்தார் என்று குமரியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

சரி, முதல்வர் கதைக்கு வருவோம். 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத் தேர்தல். மொத்தம் 117 இடம். காங்கிரசுக்கு 45, கம்யூனிஸ்டுக்கு 23, பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்கு வெறும் 19. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கடைசியில் 19 இடம் வைத்திருந்த பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸ் ஆதரவில் முதல்வர் ஆனார். 1948-ல் திருவிதாங்கூரின் பிரதமராக இருந்தவரும் இவர்தான்.

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும் என்ற போராட்டத்துக்கு அவர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு. உயிர்கள் போயின. சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே முதல்வர் பதவி விலகணும் என்றார். தாணு பிள்ளை அசையவில்லை. நடவடிக்கை பாய்ந்தது லோகியா மேல்!

சுடச் சொன்ன அரசுக்குக் கணக்கு சட்டமன்றத்திலேயே தீர்ந்தது. 1955 பிப்ரவரியில் நேசமணி கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர, காங்கிரசும் கைகொடுக்க, ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் அரசும் இந்தத் தமிழ் உறுப்பினர்களின் தயவில்தான் நின்றது.

ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்ததா என்றால், இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தன. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றுவிட்டன. மாவட்டம் கிடைத்த சந்தோஷத்தில் பலர் மறந்துபோகிற பாதி இது.

பிறகு காங்கிரசில் சேர்ந்து, 1962, 1967 தேர்தல்களில் நாகர்கோவில் எம்.பி. ஆனார். 1968 ஜூன் 1-ம் தேதி பதவியில் இருக்கும்போதே காலமானார். அவர் விட்டுப்போன அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில்தான், 1967-ல் விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர் நின்று ஜெயித்தார்.