உ.வே.சா.வை உருவாக்கியவர்கள்

உத்தியோகத்தை முன்னிட்டுப் பல ஊர்களில் குடியேறியிருக்கும் நமக்கு, குழந்தைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கவலை உண்டு. அவர்கள் யார் யாருடன் பழக வேண்டும் என்று அந்த அளவுக்கு நாம் யோசிப்பதில்லை. மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வருகிறது.

1855 பிப்ரவரி 19-ல் பிறந்த அவருக்கு வீட்டில் இட்ட பெயர் வேங்கடராமன். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். கதாகாலட்சேபம் செய்து குடும்பம் நடத்தியவர். மகனும் சங்கீதத்தில் தேர வேண்டும் என்பது அவர் ஆசை. பையனின் மனமோ தமிழில் சென்றது. அரியலூர்ச் சடகோபையங்கார் அந்தச் சுவையை ஊட்டியிருந்தார். தகப்பனார் பிடிவாதம் பிடிக்கவில்லை. தமிழ் சொல்லிக் கொடுப்பவர் இருக்கும் ஊராகப் பார்த்துக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர்கள் வாய்த்தார்கள்.

1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளையவர்கள் மாணவர்களிடம் பொருளை எதிர்பாராமல் பாடம் சொன்னவர். சாமிநாதன் என்று அழைத்தவரும் அவரே. நாம் இன்று அறிந்திருக்கும் பெயர்கூட அந்தக் குரு தந்ததுதான். 1876-ல் அவர் மறைந்த பிறகு திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் ஆதரித்தார். பிள்ளையவர்களின் மற்றொரு மாணாக்கரான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் ஓய்வு பெறும்போது அந்த இடத்தை 1880-ல் இவருக்கு வாங்கிக் கொடுத்தார்.

அதுவரை கிடைத்தவர்கள் எல்லாரும் அன்பு காட்டியவர்கள். அதே 1880 அக்டோபரில் சந்தித்தவர் வேறு விதம். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம், தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணங்களை எல்லாம் ஐயர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்ற முறையில் கேட்டுவிட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை. பிள்ளையவர்களிடமே பாடம் கேட்டவரிடம், கல்லூரித் தமிழ்ப் பண்டிதரிடம், இப்படி ஒரு கேள்வி!

கோபித்துக்கொண்டு திரும்பியிருந்தால் அதை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஐயர் மறுபடியும் முதலியாரிடம் போனார். அவர் தந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கி வந்தார். அது சமண காவியம். ஐயர் பழகியதோ சைவ மடத்தில். புரியாத இடங்களுக்காகக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்கள் சமய நெறியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழு வருஷ உழைப்புக்குப் பின் 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் தொடர்ந்தன.

வாங்கிய கடனை அவர் மறக்கவில்லை. சென்னையில் தாம் வசித்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார். எண்பது வயதை நெருங்கும்போது குருநாதரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். 1942 ஏப்ரல் 28-ல் காலமானார்.

ஐயங்கார், ரெட்டியார், பிள்ளை, தேசிகர், செட்டியார், முதலியார், சமண அன்பர்கள். நமது சமூகம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒருவரை ஆளாக்கியதில் இத்தனை பேருக்குப் பங்கு உண்டு. வெளியூரில் நம்மவர்கள் ஒன்றுகூடுவது மனத்துக்கு இதமானது, வேண்டியதும்கூட. ஆனால் நம்மவரோடு மட்டுமே பழகினால், பாராட்டு கிடைக்கும். முதலியாரின் கேள்வி கிடைக்காது. நமக்குத் தெரியாததை முகத்துக்கு நேரே கேட்கும் மனிதர் ஒருவராவது நம் வீட்டுக்கு வந்துபோக வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் வரும்போது குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைப்பது நல்லது.