சமையலறையில் அம்மாவுக்கு ஆபரேஷன்... கடைசியில் அவரையே வீழ்த்திய பித்தக்கல்! - டாக்டர் ஹால்ஸ்டட்டின் கதை

மேல்வயிறு லேசா வலிச்சா நாம என்ன செய்வோம்? 'கேஸா இருக்கும்'னு சொல்லி ஒரு சோடா குடிச்சிட்டு, மொபைலை எடுத்துட்டுப் படுத்துடுவோம். ஆனா அந்த வலிக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கல் இருக்கலாம். அந்தக் கல்லோடு வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டிய ஒரு சர்ஜனின் கதை இது.

1882-ம் வருஷம். அமெரிக்காவின் ஆல்பனி நகரம். நேரம் அதிகாலை 2 மணி. ஒரு வீட்டின் சமையலறை மேசையில் ஒரு பெண்மணி படுக்க வைக்கப்பட்டிருக்கிறார். காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிற்றில் தொட்டாலே தெரியும் கட்டி. கையில் கத்தியுடன் நிற்பவருக்கு வயது 29. அவர் பெயர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டட். மேசையில் இருப்பது அவருடைய அம்மா.

விடியும்வரை காத்திருக்க முடியாது என்று முடிவெடுத்த மகன், பித்தப்பையைத் திறந்து சீழை வெளியேற்றினார். உள்ளேயிருந்து 7 கற்கள் வந்தன. அம்மா பிழைத்துக்கொண்டார். அமெரிக்காவில் நடந்த ஆரம்பகாலப் பித்தப்பை ஆபரேஷன்களில் இதுவும் ஒன்று. ஆன்டிபயாடிக் இல்லை, ஸ்கேன் இல்லை, எக்ஸ்-ரேகூடக் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. யோசிச்சுப் பாருங்க!

இதற்கு முந்தைய வருஷம் இன்னொரு சம்பவம். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்குப் போராடிய தங்கைக்கு, தன் உடம்பிலிருந்தே ரத்தத்தை எடுத்து ஏற்றினார். ரத்த வகைகள் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அதிர்ஷ்டவசமாகத் தங்கையும் பிழைத்தார்.

பணக்கார வீட்டுப் பையன்

1852-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ஹால்ஸ்டட். யேல் கல்லூரியில் படித்தபோது புத்தகத்தைவிட ஃபுட்பால் மைதானத்தில்தான் அதிகம் இருந்தார். டீம் கேப்டனும் அவர்தான். கடைசி வருஷத்தில் மருத்துவப் புத்தகங்கள் கையில் கிடைக்க, ரூட் மாறியது. 1877-ல் டாக்டர் பட்டம். பிறகு ஐரோப்பாவுக்குப் போய் வியன்னாவின் பெரிய சர்ஜன்களிடம் பாடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். நியூயார்க்கின் பிஸியான சர்ஜன்களில் ஒருவராக ஆனார்.

தன் மேலேயே செய்த பரிசோதனை

1884-ல் வியன்னாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கொக்கைன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது, வலியில்லாமல் ஆபரேஷன் செய்யலாம் என்பதுதான் அது. இதையே நரம்பில் ஊசியாகப் போட்டால், மயக்க மருந்து இல்லாமலேயே உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போக வைக்கலாமே என்று ஹால்ஸ்டட் யோசித்தார். பரிசோதனைக்கு யார்? அவரும் அவருடைய சக டாக்டர்களும்தான். தங்களுக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொண்டார்கள்.

பரிசோதனை ஜெயித்தது. பல் டாக்டர் ஈறில் ஊசி போட்டதும் உங்க தாடை மரத்துப்போகுதே, அதன் ஆரம்பம் இங்கேதான். ஆனால் அதற்கான விலை பயங்கரம். ஹால்ஸ்டட் கொக்கைனுக்கு அடிமையானார். 1885-ல் அவர் எழுதிய ஒரு மருத்துவக் கட்டுரை, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் போனது. போதையிலிருந்து மீட்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே கொக்கைனுக்குப் பதிலாக மார்ஃபின் கொடுத்தார்கள். ஒரு குழியிலிருந்து தூக்கி இன்னொரு குழியில் விட்ட கதைதான். அந்த மார்ஃபின் பழக்கம் அவரை விடவே இல்லை. இந்த ரகசியத்தை நெருங்கிய சிலர் மட்டுமே அறிந்திருந்தார்கள்.

நண்பர் வில்லியம் வெல்ச் கைகொடுத்து அவரைப் பால்டிமோருக்கு அழைத்துப் போனார். 1889-ல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைதான் ஹால்ஸ்டட்டின் இரண்டாவது இன்னிங்ஸ்.

காதலுக்காக ஒரு கிளவுஸ்

ஆபரேஷன் தியேட்டரில் கிருமிநாசினியாகப் பாதரசக் கலவையைப் பயன்படுத்திய காலம் அது. அதில் கையை நனைத்து நனைத்து, தலைமை நர்ஸ் கேரோலின் ஹாம்ப்டனின் கைகள் புண்ணாயின. ஹால்ஸ்டட் என்ன செய்தார் தெரியுமா? குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி, அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளை ஸ்பெஷலாகச் செய்ய வைத்தார். 1890-ல் இருவருக்கும் கல்யாணம். அந்தக் கையுறை பிறகு எல்லா சர்ஜன்களின் கைக்கும் போனது. நோயாளிகளுக்குத் தொற்று குறைந்தது.

வேகமாக வெட்டுவதுதான் திறமை என்றிருந்த காலத்தில், மெதுவாக, ரத்தம் அதிகம் போகாமல், திசுக்களைப் பூப்போல கையாண்டவர் ஹால்ஸ்டட். படித்து முடித்த டாக்டர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, வருஷக்கணக்கில் படிப்படியாகப் பயிற்சி எடுக்கும் ரெசிடென்சி முறையை அமெரிக்க சர்ஜரிக்குள் கொண்டு வந்தவரும் இவர்தான்.

கணையத்தை எரித்த கல்

இப்போ 1901-க்கு வாங்க. தாங்க முடியாத வயிற்றுவலியோடு வந்த ஒருவருக்கு ஹால்ஸ்டட் ஆபரேஷன் செய்தார். கணையம் வீங்கி, ரத்தம் கசிந்து கிடந்தது. நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. உடலைப் பரிசோதித்த இளம் டாக்டர் யூஜின் ஓபி, ஒரு சின்னஞ்சிறு கல்லைக் கண்டுபிடித்தார். பித்தநாளம் குடலுக்குள் திறக்கும் வாயிலில் அது சிக்கியிருந்தது.

அந்த வாயில் ஏன் முக்கியம்? கணையத்திலிருந்து வரும் குழாயும் பெரும்பாலானவர்களுக்கு அதே இடத்தில்தான் வந்து சேரும். உங்க வீட்டில் சிங்க் குழாயும் வாஷிங் மெஷின் குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்து வெளியே போகுதுன்னு வெச்சுக்கோங்க. அங்கே அடைச்சா தண்ணி ரெண்டு பக்கமும் திரும்பத்தானே செய்யும்? பித்தநீர் கணையத்துக்குள் ஏறியதுதான் காரணம் என்றார்கள் ஹால்ஸ்டட்டும் ஓபியும். சரியாக எப்படி நடக்கிறது என்ற விவாதம் பிறகும் தொடர்ந்தது. ஆனால் பித்தக்கல்லால் கணைய அழற்சி வரும் என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது. இந்த நோய்க்கு முக்கியமான இரண்டு காரணங்களில் ஒன்று பித்தக்கல், இன்னொன்று மது.

கடைசி ஆபரேஷன்

விதியைப் பாருங்க. 1919-ல் ஹால்ஸ்டட்டுக்கே பித்தப்பைக் கல். பித்தப்பையை எடுத்தார்கள். 1922-ல் மறுபடியும் வலி, மஞ்சள் காமாலை. இந்த முறை பித்தநாளத்தில் கல். அவரிடம் பயிற்சி பெற்ற சர்ஜன்களே அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகான சிக்கல்களிலிருந்து அவர் மீளவில்லை. செப்டம்பர் 7-ம் தேதி, 69 வயதில் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கேரோலினும் போய்ச் சேர்ந்தார்.

அம்மாவைக் காப்பாற்றிய கைகளிடம் பயின்றவர்களாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று அதே கல்லை, வயிற்றைக் கிழிக்காமல், வாய்வழியாக எண்டோஸ்கோப்பியை அனுப்பியே எடுத்துவிடுகிறார்கள். அந்த வசதி வந்தது 1970-களில். அவருக்கு அரை நூற்றாண்டு லேட்!

நமக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கு. அதனால மேல்வயிற்றில் ஆரம்பிச்சு முதுகுவரை பரவுற கடுமையான வலி, கூடவே விடாத வாந்தி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள்னு எது இருந்தாலும், சோடாவைத் தேடாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க. அம்மாவுக்கு வலின்னா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த 29 வயசு மகன் காத்திருக்கலை!