மனநிறைவைத் தேடி நடந்த பண்டித ரமாபாய் அம்மையார்

பரிசளிப்பு விழா என்றாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறி, பரிசை வாங்கிக்கொண்டு திரும்பும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது பெற்றவர்களின் உள்ளம் குளிர்ந்துபோகும். பரிசும் பட்டமும் வேண்டியவைதான். ஆனால், இருபது வயதில் பெரிய பண்டிதர்கள் கூடிய சபையில் இரண்டு பட்டங்களை வாங்கிய ஒரு பெண்மணி, அதற்குப் பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் மனசு நிறையாமல் தவித்தார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் பண்டித ரமாபாய் அம்மையார். அவருக்கு அந்த நிறைவு எங்கே, எப்படிக் கிடைத்தது என்பதை இந்த விழா மலரில் சொல்ல விரும்புகிறேன்.

காட்டில் பிறந்த குழந்தை

இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலே கங்காமூலம் என்றொரு காடு. அங்கே 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ரமாபாய் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே. மராட்டிய பிராமண குலத்தைச் சேர்ந்த பெரிய சமஸ்கிருத அறிஞர். தாயார் பெயர் லட்சுமிபாய்.

அந்தக் காலத்தில் பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அனந்த சாஸ்திரி அதைக் கேட்கவில்லை. தம் மனைவிக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊரும் உறவும் எதிர்த்தன. உடுப்பியில் கூடிய பெரியவர்கள் அவரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். பெண்களுக்குக் கல்வி தருவது சாத்திரத்துக்கு விரோதமில்லை என்று அவர் எடுத்துக்காட்டி வாதாடினார். அதற்குப் பிறகுதான் குடும்பத்தோடு காட்டில் போய்க் குடியிருந்தார்.

ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அந்த வீட்டையும் விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. குழந்தையைப் பிரம்புப் பெட்டியில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். அன்று தொடங்கிய நடை பல ஆண்டுகள் நிற்கவில்லை. ஊர் ஊராக, கோயில் கோயிலாகத் தீர்த்த யாத்திரை. கோயில் மண்டபத்திலும் ஆற்றங்கரையிலும் உட்கார்ந்து புராணம் வாசிப்பார்கள். கேட்பவர்கள் தருகிற அரிசியும் காசும்தான் ஜீவனம்.

ரமாபாய்க்குப் பள்ளிக்கூடம் என்பது தாயார்தான். பகலெல்லாம் அந்த அம்மாவுக்கு வேலை சரியாக இருக்கும். அதனால் விடிவதற்கு முன்பே மகளை எழுப்பி, தூக்கக் கண்ணோடு இருக்கும் பிள்ளையை மடியில் இருத்தி, சுலோகம் சுலோகமாகச் சொல்லிக் கொடுப்பார். பெரட்டுக்கு முன்னே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்செய்து பழகிய நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த விடியற்காலைப் பாடத்தால், பன்னிரண்டு வயதிலேயே பாகவத புராணத்தின் பதினெட்டாயிரம் சுலோகங்களும் ரமாபாய்க்கு மனப்பாடம்.

பஞ்சம் வந்தது

1870களில் பஞ்சம் வந்தது. கையில் இருந்த காசெல்லாம் தான தருமத்துக்கும் பூசைக்கும் செலவாகிவிட்டது. குடும்பத்தில் யாருக்கும் கூலி வேலை தெரியாது. போய்க் கேட்கவும் கூச்சம். நோன்பு இருந்தார்கள், புண்ணிய தீர்த்தங்களில் குளித்தார்கள், இரவும் பகலும் மந்திரம் ஓதினார்கள். கடைசியில் காட்டு இலைகளைத் தின்று வயிற்றைக் கழுவ வேண்டிய நிலை.

முதலில் தகப்பனார் போனார். கண் பார்வை மங்கிய அந்தப் பெரியவர், கடைசி நேரத்தில் இளைய மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எப்போதும் நேர்மையாக வாழ வேண்டும், கடவுளுக்கே ஊழியம் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கண்ணை மூடினார். சில மாதங்களுக்குள்ளே தாயாரும் போனார். பாடை தூக்க நாலு பேர் வேண்டுமே! பரதேசிகளுக்கு யார் வருவார்கள்? இரண்டு பேர் மனமிரங்கி வந்தார்கள். மூன்றாவது ஆள் அண்ணன். நாலாவது ஆளாக ரமாபாயே நின்றார். உயரம் போதாததால் பாடையைத் தோளில் வைக்க முடியவில்லை. தலையில் வைத்துச் சுமந்தார். பெற்ற தாயை அப்படிச் சுமந்த பிள்ளையின் மனசு எப்படி இருந்திருக்கும்! அடுத்து அக்காளும் இறந்தார்.

மிஞ்சியது ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும். இருவரும் கால்நடையாகவே வடக்கே பஞ்சாப், காஷ்மீரம் வரை போனார்கள். பனிக்காலத்தில் போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. ஜீலம் ஆற்றங்கரையில் குழி தோண்டி, அதற்குள் படுத்து, உடம்பின்மேல் மணலை மூடிக்கொண்டு இரவைக் கழித்திருக்கிறார்கள். செய்யாத விரதம் இல்லை. போகாத திருத்தலம் இல்லை. ஆனாலும் மனசில் பசி தீரவில்லை.

பட்டம் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை

1878இல் இருவரும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். ஒரு இளம்பெண் கடல் மடை திறந்தாற்போல் சமஸ்கிருதம் பேசுவதைக் கேட்டுப் பண்டிதர்கள் அசந்துபோனார்கள். பரீட்சித்துப் பார்த்து, ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்று இரண்டு பட்டங்களைக் கொடுத்தார்கள். மாலை, மரியாதை, கூட்டம், பாராட்டு எல்லாம் வந்தன.

பெண்களுக்குச் சொற்பொழிவு செய்வதற்காக அவர் தரும சாத்திர நூல்களை ஆழ்ந்து படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு வருத்தமே மிஞ்சியது. பெண்களும் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வீடுபேறு அடைய வழியே இல்லாதது போல் அந்த நூல்களில் எழுதியிருக்கக் கண்டார். அப்படியானால் என் தாயாரின் கதி என்ன, என் கதி என்ன என்ற கேள்வி அவரை வாட்டியது.

1880இல் அண்ணனும் இறந்துவிட்டார். அதே ஆண்டு விபின் பிகாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரை ரமாபாய் மணந்துகொண்டார். அவர் வேறு சாதி. சாதி பார்க்காத பதிவுத் திருமணம் அது. அசாமில் சில்சார் என்ற ஊரில் குடித்தனம். 1881இல் மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. கணவரின் புத்தக அலமாரியில், வங்க மொழியில் இருந்த லூக்கா நற்செய்தி ரமாபாயின் கண்ணில் பட்டது. எடுத்துப் படித்தார். அதில் ஏதோ ஒன்று அவரைத் தொட்டது. ஆனால் பத்தொன்பது மாதந்தான் அந்தக் குடும்ப வாழ்க்கை. 1882 பிப்ரவரியில் கணவர் காலராவில் மாண்டார். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவை!

வேறொருவர் என்றால் மூலையில் உட்கார்ந்திருப்பார். ரமாபாய் பூனாவுக்குப் போய் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அரசாங்கம் அமைத்த ஹன்டர் கல்விக் குழுவின் முன் நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் தேவை என்று வாதாடினார்.

கிணற்றடியில் ஒரு பெண்

தாமே மருத்துவம் படிக்க எண்ணி 1883இல் இங்கிலாந்து போனார். காது சரியாகக் கேட்காத காரணத்தால் அந்தப் படிப்பு கைகூடவில்லை. வாண்டேஜ் என்ற ஊரில் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் தங்கியிருந்தார். ஒருநாள் லண்டனில் அவர்கள் நடத்திய ஒரு இல்லத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். வழி தவறிப்போனவர்கள் என்று உலகம் ஒதுக்கிய பெண்களை அங்கே அன்போடு வைத்துப் பராமரித்தார்கள். ரமாபாய்க்கு ஒரே ஆச்சரியம். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பதிலாக, அவர்கள் யோவான் நற்செய்தியில் வரும் சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னார்கள். ஊரார் ஒதுக்கிய பெண் அவள். யூதர்கள் தீண்டாத இனம். அவளிடம் இயேசு கிணற்றடியில் தண்ணீர் கேட்டார். பிறகு வற்றாத ஜீவத் தண்ணீரைத் தாம் தருவதாக அவளிடமே பேசினார். எந்தப் பெண்ணுக்கு வழியே இல்லை என்று தாம் கலங்கினாரோ, அப்படிப்பட்ட ஒருத்தியைத் தேடி வந்து பேசுகிற கடவுளை ரமாபாய் அந்தக் கதையில் கண்டார். 1883 செப்டம்பர் 29ஆம் நாள் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

அத்தோடு கதை முடிந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. மதம் மாறியாயிற்று, மனசு முழுதும் மாறவில்லை. மடத்தார் சொன்னதையெல்லாம் அவர் தலையாட்டி ஏற்கவுமில்லை. மனச்சாட்சிக்குப் படாததைக் கடிதங்களில் துணிந்து மறுத்தார். செல்டன்ஹாம் கல்லூரியில் படித்தார். 1886இல் அமெரிக்கா போய், அடுத்த ஆண்டு இந்திய விதவைகளின் துன்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதி நிதி திரட்டினார். 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்ற பள்ளியைத் திறந்தார். அதன் முதல் விதவை மாணவி கோதுபாய், பின்னாளில் சீர்திருத்தவாதி கார்வேயை மணந்தவர். இத்தனை நல்ல காரியம் செய்தும் உள்ளுக்குள்ளே ஒரு வெறுமை இருந்துகொண்டே இருந்தது.

1891 வாக்கில், ஹாஸ்லம் என்ற இங்கிலாந்துப் போதகர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலைப் படித்தார். அவரும் பல காலம் போதகராக இருந்தும் அமைதி காணாதவர். அதைப் படித்தபோது ரமாபாய்க்குத் தம் நிலை விளங்கியது. கிறிஸ்தவ மதத்தைப் பிடித்துக்கொண்டோம், கிறிஸ்துவைப் பிடிக்கவில்லையே என்று உணர்ந்தார். சின்ன வயசு முதல் விரதத்தாலும் யாத்திரையாலும் படிப்பாலும் சம்பாதிக்கப் பார்த்த ஒன்றை, கடவுள் இனாமாகவே கொடுக்கிறார். சாதி, படிப்பு, ஆண் பெண் எதையும் பார்க்காமல் கொடுக்கிறார். நாளைக்கு என்று காத்திருக்க வேண்டாம், இப்போதே கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று கண்டார். வெறுங்கையோடு நின்று வாங்கிக்கொண்டார். அன்றுதான் அந்த நெடிய நடைக்கு ஓய்வு கிடைத்தது.

நிறைந்த மனசு சும்மா இருக்குமா?

நிம்மதி கிடைத்ததும் கஷ்டம் நின்றுவிடவில்லை. சாரதா சதன் 1890இல் பூனாவுக்கு மாறியிருந்தது. அங்கே பிள்ளைகள் தங்கள் சாதி ஆசாரப்படி சமைத்துச் சாப்பிடத் தடையில்லை. ஆனால் ரமாபாய் தம் அறையில் செபம் செய்யும்போது கதவைச் சாத்துவதில்லை. சில மாணவிகள் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். 1893இல் இது பெரிய சர்ச்சையாகி, பலர் தங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். உதவிய நண்பர்களும் விலகினார்கள். முன்பு என்றால் உடைந்துபோயிருப்பார். இப்போது யாரையும் திட்டாமல் வேலையைத் தொடர்ந்தார்.

1896, 97இல் மத்திய மாகாணத்தில் கொடிய பஞ்சம். ரமாபாய்க்குப் பழைய ஞாபகம் வந்தது. இலை தின்ற நாள், பாடை சுமந்த நாள் எல்லாம் கண்முன் நின்றன. நேரே போய், எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஏறக்குறைய முந்நூறு பெண்களைக் கூட்டி வந்தார். பூனாவில் பிளேக் நோய் என்பதால் அங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை. கேட்காவ் என்ற ஊரில் அவர் முன்பே வாங்கிப் பழமரம் வைத்திருந்த நிலத்தில் கொட்டகை போட்டுத் தங்கவைத்தார். அதுதான் ‘முக்தி’ இல்லம். அமெரிக்கர்கள் பத்து வருடத்துக்குத் தருவதாகச் சொன்ன பணமும் முடிந்துபோனது. இனி யார் தருவார் என்று கலங்காமல் செபத்தையே நம்பி நடத்தினார். 1900இல் குஜராத்தில் பஞ்சம் வந்தபோது இன்னும் பலரைச் சேர்த்துக்கொண்டார். கூட்டம் இரண்டாயிரத்தை நெருங்கியது!

சும்மா சோறு போடும் சத்திரம் இல்லை அது. பள்ளிக்கூடம் உண்டு. நெசவு, தோட்ட வேலை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோப்பு எல்லாம் பெண்களே கற்றுக்கொண்டு செய்தார்கள். பார்வையற்றவர்களுக்கு விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தும் கற்பிக்கப்பட்டது. வழி தவறிய பெண்களுக்குத் தனி இல்லம் வந்தது. அன்று லண்டனில் பார்த்ததை அவர் மறக்கவில்லை பாருங்கள்.

கடைசிக் காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் படித்து, பாமரப் பெண்களுக்கும் புரியும் எளிய மராட்டியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். அதை முக்தி இல்லத்துப் பெண்களே அச்சடித்தார்கள். 1919இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் தந்தது. 1921இல் வலக்கையாக இருந்த மகள் மனோரமா இறந்தார். அந்தத் துக்கத்திலும் மொழிபெயர்ப்பை விடாமல் முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அம்மையார் கண் மூடினார். அவர் தொடங்கிய முக்தி இல்லம் இன்றும் நடந்து வருகிறது. 1989இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நமக்கு என்ன?

அன்பான பெற்றோர்களே! நம்மில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் உண்டு. யாரையும் இழுப்பதற்காக இதை எழுதவில்லை. ரமாபாய் அம்மையார் தமக்கான அமைதியைக் கிறிஸ்துவிடம் கண்டார். அது அவர் கண்ட உண்மை. பெயரை மாற்றிக்கொண்டதால் அது வரவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். எந்த வழியில் நடப்பவரும் தம் உள்ளத்தை அவரைப்போல் நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கினால் மகிழுங்கள். வாங்காதவர்கள் வாடிப்போக வேண்டாம். ரமாபாய்க்கு இருபது வயதில் கிடைத்த பட்டங்கள் அவர் மனசை நிறைக்கவில்லை. ஆனால் அந்தப் படிப்புத்தான் பிற்காலத்தில் இரண்டாயிரம் பேருக்குச் சோறும் எழுத்தும் ஆயிற்று. விடியற்காலையில் உங்களைத் தட்டி எழுப்புகிற அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படியுங்கள். படித்ததைப் பசித்தவருக்குப் பயன்படும்படி செய்யுங்கள்.