பட்டறையில் பயின்ற ஜி. டி. நாயுடு

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவின் கரையில் அமைந்த ஊர்களுள் ஒன்று திருப்பாலைக்குடி. அக்கடல் ஆழம் குறைந்தது. அங்கே ஓடும் படகுகளின் வடிவும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. அத்தகைய படகுகளைக் கட்டும் தச்சர்களைக் கடற்கரை மக்கள் ஓடாவி என்று அழைப்பர். மரபுவழி வந்த ஓடாவி தாளில் படம் வரைவதில்லை. கண்ணளவும் கையளவுமே அவருக்குத் துணை. எந்தப் பலகையை எங்கே வளைத்தால் படகு அலையில் தள்ளாடாது என்பதை, மூத்தவர் ஒருவர் அருகில் நின்று உளி பிடித்துப் பழகியே அவர் கற்றுக்கொள்கிறார். ஒரு பொருள் யாருக்குப் பயன்படும், என்ன விலையில் முடியும், எப்படி உருவாக்கினால் எளிதில் இயங்கும் என்று எண்ணிச் செய்யும் இக்கலையைத்தான் இக்காலத்தார் தொழில் வடிவமைப்பு என்கின்றனர்.

இதனைக் கற்பிக்க இன்று கல்லூரிகள் உண்டு. அகமதாபாத்தில் 1961-ஆம் ஆண்டு தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. பம்பாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் இதற்கெனத் தனி மையம் ஏற்பட்டது. இவை தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஓர் இயந்திரத்தையே ஆசிரியராகக் கொண்டு இக்கலையைப் பயின்ற தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. பள்ளிக்கூடம் அவரை ஈர்க்கவில்லை; தொடக்கக் கல்வியோடு அவர் படிப்பு நின்றது. ஆயின் கற்கும் வேட்கை நின்றுவிடவில்லை. அதனைத் தூண்டிவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள்.

ஒருநாள் வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூருக்கு வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் வண்டி தானே ஓடக் கண்ட இளைஞர் வியந்து நின்றார். வியந்தவர் பலர் இருந்திருப்பர். அவர்கள் வீடு திரும்பியதும் தத்தம் வேலையைப் பார்க்கச் சென்றிருப்பர். துரைசாமிக்கோ அவ்வண்டி எவ்வாறு ஓடுகிறது என்று அறிந்தால் அல்லாது உறக்கம் கொள்ளாது என்னும் நிலை வந்தது. அவர் கோவை நகருக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். கிடைத்த ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சில ஆண்டுகளில் தாம் விரும்பிய வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஏறி உலா வருவதோடு அவர் நிறைவடையவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மீண்டும் பொருத்தினார். எந்தத் திருகாணி எதனைத் தாங்குகிறது, எந்தச் சக்கரம் எதனைச் சுழற்றுகிறது என்பதை விரல்களாலேயே அறிந்துகொண்டார். அவர் பெற்ற தொழிற்கல்வி இதுவே. இதற்குச் சான்றிதழ் வழங்குவார் எவரும் இலர்.

இடையில் பருத்தி வணிகத்தில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டியதும், பின்பு பம்பாயில் அதனை இழந்ததும் உண்டு. கையில் பொருளின்றி ஊர் திரும்பியவருக்குக் கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரை உதவினார். 1920-ஆம் ஆண்டு நாயுடு ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். யூ. எம். எஸ். என்று மக்கள் அழைத்த அவருடைய நிறுவனத்தில் 1933-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 பேருந்துகள் ஓடின.

பேருந்துகள் பெருகவே பட்டறையும் வளர்ந்தது. பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஒரு சிறப்பு உண்டு. எந்த உறுப்பு விரைவில் தேய்கிறது, எது தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்பவற்றை அது நாள்தோறும் காட்டிக்கொண்டே இருக்கும். பிறர் செய்த பொருளின் குறையைக் கண்டவருக்குத் தாமே ஒன்றைச் செய்து பார்க்கும் துணிவு பிறப்பது இயல்பு. நாயுடு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள தொழிற்சாலைகளைக் கூர்ந்து நோக்கினார். உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ரசாந்த் என்னும் சவரக் கருவி அவருடைய ஆக்கமே. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குகளைப் பதிவு செய்யும் பொறி எனப் பலவற்றையும் அவர் உருவாக்கினார். 1937-ஆம் ஆண்டு, டி. பாலசுந்தரம் நாயுடு என்பாருடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டாரைக் கோவைப் பீளமேட்டில் உருவாக்கினார். ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபதே ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-இல் அறிவித்தார். இப்பொருள்களை உற்று நோக்கினால் ஒன்று புலனாகும். இவற்றுள் பல எளிய வீடுகளை எண்ணிச் செய்யப்பட்டவை. மின்சாரம் எட்டாத வீட்டிலும் விசிறி சுழல வேண்டும் என்று எண்ணியவர் அவர்.

தாம் கற்ற முறையில் பிறரும் கற்க வேண்டும் என்னும் விருப்பம் நாயுடுவுக்கு இருந்தது. அவர் வழங்கிய கொடையால் 1945-ஆம் ஆண்டு கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர் பொறியியற் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்!

அங்கேதான் பூசல் எழுந்தது. பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் ஏன் என்று அவர் வினவினார். மாணவரின் காலம் வீணாகிறது என்றும், இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் வாதிட்டார். அன்றைய ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. நாயுடுவும் விட்டுக்கொடுக்கவில்லை, பதவியைத் துறந்தார்.

யார் கூற்று சரி? அரத்தையும் சுத்தியலையும் தொடாமலே ஒருவன் பொறியாளன் ஆகிவிடக் கூடுமாயின், நாயுடுவின் குறைகூறல் நியாயமே. எனினும் பாலத்தையும் கொதிகலனையும் மோட்டார் சைக்கிளைப் போலக் கழற்றிப் பார்த்துக் கற்க முடியாது. பாரம் தாங்குமா என்பதைக் கணக்கிட்டு அறிந்த பின்னரே அவற்றைக் கட்ட வேண்டும். கணக்குக்குக் காலம் வேண்டும். கைத்தொழிலும் அப்படியே. கடற்கரையில் ஓடாவியின் கை பழகுவதற்கும் ஆண்டுகள் பல ஆகின்றன. தம்முடைய வேகத்தை எல்லா மாணவர்க்கும் பொதுவாக நாயுடு கருதிவிட்டார் என்றே தோன்றுகிறது. ஆயினும் பட்டறையே வகுப்பறையாக வேண்டும் என்ற அவர் எண்ணத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவர் வழி எளிதாகவில்லை. அக்காலத்தில் நம் நாட்டில் செய்யப்பட்ட கார்கள் பெரும்பாலும் அயல்நாட்டு வடிவங்களைத் தழுவியவை. எளியோர்க்கு எட்டாத விலையுடையவை. 1952-இல் நாயுடு இருவர் அமரத்தக்க சிறு பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய் என்று குறித்தார். ஆனால் தொழில் நடத்த அரசின் உரிமம் பெற வேண்டிய காலம் அது. உரிமம் கிடைக்கவில்லை, உற்பத்தியும் நின்றது. சாலையில் பல்லாயிரமாக ஓடியிருக்க வேண்டிய வண்டி, கண்டோர் பேசும் செய்தியாகவே நின்றுவிட்டது. வடிவமைப்பவன் கையில் வடிவம் மட்டுமே உள்ளது. அதனைப் பெருக்கும் முதலும் இசைவும் பிறர் கையில் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் கற்றுத் தராத பாடம் இது.

பிற்காலத்தில் அவர் தம் ஆற்றலைப் பயிர்த்தொழிலிலும் செலுத்தினார். பருத்தி, பப்பாளி முதலியவற்றில் புதுவகை காண முயன்றார். பொறிகளை மக்கள் நேரில் கண்டு அறிய வேண்டும் என்று விரும்பியவர் ஆதலின், கோவையில் 1967-ஆம் ஆண்டு தொழிற் கண்காட்சி ஒன்று அவர் பெயரால் நிறுவப்பெற்றது. 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் நாயுடு மறைந்தார்.

அவர் தொடங்கிய கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் கோவையின் தடாகம் சாலையில் நடைபெறுகிறது. ஆயினும் அவிநாசி சாலையில், அது முதலில் இருந்த இடத்தை ஹோப் காலேஜ் என்றே மக்கள் வழங்குகின்றனர். பேருந்து நடத்துநரும் அப்பெயரைச் சொல்லியே பயணச்சீட்டுக் கொடுக்கிறார். அங்கே இறங்குவோருள் அப்பெயர் வந்த கதையை அறிந்தவர் சிலரே.