கண்டதைக் கண்டபடி எழுதிய குரு

2031 நவம்பர் 14, 2049 நவம்பர் 25, 2067 டிசம்பர் 6 ஆகிய நாள்களில் கலப்புச் சூரிய கிரகணம் நிகழும் என்று வானியலார் இன்றே கணித்துள்ளனர். நிலவின் நிழல் முனை பூமியைத் தொட்டும் தொடாமலும் செல்லும்போது, ஒரே கிரகணம் சில இடங்களில் முழுக் கிரகணமாகவும், வேறு சில இடங்களில் நெருப்பு வளையமாகவும் தெரியும். இதுவே கலப்புக் கிரகணம். இத்தகைய கணிப்புகளுக்குத் துணைநிற்போருள் இயேசு சபைக் குரு ஒருவரும் உண்டு. அவரே கிறிஸ்டோபர் கிளேவியுஸ்.

1538-இல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பிறந்த இவர், 1555-இல் உரோமையில் இயேசு சபையில் சேர்ந்தார். போர்த்துக்கல்லின் கோயிம்ப்ரா நகரில் பயின்றபோது, 1560 ஆகஸ்ட் 21 அன்று முழுக் கிரகணத்தைக் கண்டார். நண்பகலில் இருள் சூழ்ந்ததையும், பறவைகள் அஞ்சித் தரையில் விழுந்ததையும் குறித்து வைத்தார்.

1567 ஏப்ரல் 9 அன்று உரோமையில் மீண்டும் ஒரு கிரகணம். இம்முறை சூரியன் முழுவதும் மறையவில்லை; நிலவைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளி வளையம் எஞ்சியது. டாலமியின் கணக்குப்படி அப்படி ஒரு வளையம் தோன்றவே முடியாது. பின்னர் கெப்ளர் போன்ற பேரறிஞரும் ஐயம் எழுப்பினர். ஆயினும் கிளேவியுஸ் தம் குறிப்பை மாற்றவில்லை.

உரோமைக் கல்லூரியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் கற்பித்த இவர், திருத்தந்தை 13-ஆம் கிரகோரி 1582-இல் வெளியிட்ட புதிய நாள்காட்டிக்காகவும் உழைத்தார். பூமியே அண்டத்தின் மையம் என்று இறுதிவரை நம்பியவர்தான். எனினும் 1611-இல், தம் 73-ஆம் வயதில், கலிலேயோ கண்ட வியாழனின் நிலவுகளை உண்மையென ஏற்றார். மறு ஆண்டே இறைவனடி சேர்ந்தார்.

1567-இல் நிகழ்ந்தது கலப்புக் கிரகணமே என்று இன்றைய கணக்குகள் காட்டுகின்றன. அவர் கண்டது சூரியனின் விளிம்பா, அதைச் சூழ்ந்த ஒளிவட்டமா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கின்றனர். ஆனால் அக்குறிப்பின் பயன் பெரிது. பூமியின் சுழற்சி மிக மெதுவாகக் குறைந்து வருகிறது. ஒரு நாளில் அது நொடியின் சிறு துளியே. நூற்றாண்டுகள் கூடும்போது நிமிடங்களாகி, நிழல் விழும் இடத்தையே மாற்றிவிடும். எவ்வளவு மாறும் என்று அறிய, நாளும் இடமும் தெளிவாக எழுதப்பட்ட பழைய சாட்சிகள் தேவை. அவற்றுள் ஒன்று கிளேவியுஸின் குறிப்பு.

அன்பார்ந்தவர்களே, பிறர் ஏற்பார்களா என்று பாராமல் கண்டதைக் கண்டபடி சொல்வதே சாட்சியம். இன்று ஐயுறப்படும் உண்மை, நாளை பிறக்கப்போகும் ஒருவருக்கு வழிகாட்டலாம். குடும்பத்திலும் பணியிடத்திலும் கூட்டாமல் குறைக்காமல் உண்மை பேச நாமும் முயல்வோம்.